டேங்கில் நம்பர் போட்டால் தங்கமா?

2018 ஜூலையில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 பெகாசஸ் ஆன்லைனில் விற்பனைக்கு வந்தது. உலகம் முழுக்க 1000 வண்டி, இந்தியாவுக்கு 250. மூன்று நிமிடத்துக்குள் இங்கே அத்தனையும் காலி! இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களோடு வானத்திலிருந்து இறக்கப்பட்ட 'ஃப்ளையிங் ஃப்ளீ' பைக்கின் நினைவாகச் செய்தார்கள். பட்டாளத்து பிரவுன், கான்வாஸ் பை, டேங்கில் வரிசை எண். எஞ்சின் என்னவோ சாதாரண கிளாசிக் 500-இல் இருந்த அதே 499 சிசிதான்.

"பூட்டி வைடா, பத்து வருஷத்துல டபுள்" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், டேங்குக்குள் துரு பிடிக்கும். ஃபோர்க் ஆயில் சீல் காய்ந்து கசியும். டயர் ஒரே இடத்தில் அமுங்கிப்போகும். பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வருஷா வருஷம் இன்சூரன்ஸ், 15 வருஷத்தில் ஆர்டிஓ ஆபீஸ். இதையெல்லாம் கழித்துவிட்டு லாபக் கணக்கு போடுங்கள், பார்ப்போம்.

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ யாரும் முதலீடாக வாங்கவில்லை. தெருவுக்குத் தெரு ஓடிய வண்டி. 1996-இல் தயாரிப்பு நின்றது. இன்று நல்ல கண்டிஷனில் இருந்தால் லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். காலேஜ் நாளில் அந்தச் சத்தத்துக்கு ஏங்கியவன் கையில் இப்போது காசு இருக்கிறது, அவ்வளவுதான்.

பெகாசஸை உறை போட்டு மூடி வைத்திருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏற்றிப் பாருங்கள் சார். கிலோமீட்டர் ஏறினால் விலை கொஞ்சம் குறையும். குறையட்டுமே.