ஜீனோவும் என் லாத்தாவும்

சிறுசேரியில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கட்டடங்கள் தெரியும். மஃரிபுக்குப் பின் அவற்றில் விளக்குகள் எரியத் தொடங்கும். லாத்தாவின் மகள் அங்கேதான் கணினி வேலை பார்க்கிறாள். மகளோடு சில நாள் தங்குவதற்காகச் சென்ற மாதம் லாத்தா வந்திருந்தார். அவர் கொண்டு வந்த பெட்டியில், துணிகளுக்கு அடியில், ஊசி நூலால் தைத்த பழைய தாள்கட்டு ஒன்று இருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்தப் புதினத்தின் பக்கங்களை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்தவர் லாத்தா. இதழை வாங்கி வந்தவன் நான்.

அப்போது எங்கள் வீடு கோவளத்தில். வாப்பா உப்பு வியாபாரிகளிடம் கணக்கு எழுதி வந்தார். ஒன்பதாம் வகுப்போடு லாத்தாவின் படிப்பு நிறுத்தப்பட்டது. வாப்பா கொடியவர் அல்லர். அந்நாளில் பல வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. என் சொல் சபை ஏறியிராது. ஆனாலும் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை என்பது இன்றுவரை உறுத்துகிறது. அதற்குப் பிறகும் என் வீட்டுக் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

இதழ் வரும் நாளில் நான் கேளம்பாக்கம் கடைக்குச் சென்று வாங்கி வருவேன். "தம்பி, ஜீனோ வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். கதை வந்ததா என்று கேட்டதே இல்லை.

படிக்காதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். வருங்கால இந்தியா. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும். பெயர்கூட இரண்டெழுத்துதான் இருக்கலாம். கணவன் சிபி காணாமற் போக, அவனைத் தேடி நிலா புறப்படுகிறாள். அவள் வீட்டில் தங்க வரும் ரவி என்பவனோடு வருகிறது ஜீனோ, ஓர் இயந்திர நாய். (இரண்டெழுத்துச் சட்டத்தைக் கேட்ட அன்றே லாத்தா எங்கள் வீட்டாரின் நீண்ட பெயர்களையெல்லாம் சுருக்கிவிட்டார். வாப்பாவுக்கு வைத்த பெயரை மட்டும் இன்றுவரை சொல்ல மறுக்கிறார்!)

ஜீனோ நல்ல பிள்ளையன்று. குறும்பு பேசும், எதிர்வாதம் செய்யும், ஏவியதைச் செய்வதற்கு முன் ஏன் என்று கேட்கும். அதன் பெரிய குற்றம், புத்தகம் படிப்பது. படித்துப் படித்தே தன் எசமானர்களைவிட அறிவுள்ளதாக வளர்கிறது. நாட்டையே நடுங்கவைத்த ஜீவா ஒளியால் ஆன வெறும் பிம்பமே என்று கதை வெளிப்படுத்திய வாரத்தில், ஹோலோகிராம் என்றால் என்ன என்று லாத்தா என்னைக் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வந்து சொன்னேன். நான் பாதிதான் சொன்னேன். மீதியை அவரே ஊகித்துச் சொன்னார்.

போக்கிரி நாயகன் அறிவியல் கதைக்குப் புதியவன் அல்லன். அமெரிக்க எழுத்தாளர் ஹாரி ஹாரிசன் 1961-இல் ஜிம் டிகிரிஸ் என்ற விண்வெளித் திருடனை நாவலில் உலவவிட்டார். அவனைப் பிடித்தவர்கள் கடைசியில் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். இயந்திர ஏவலாளும் புதிதன்று. தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரீ 1206-இல் எழுதி முடித்த நூலில், ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றும் பொம்மைப் பணியாளை அமைக்கும் முறையே இருக்கிறது. அந்தப் பொம்மை ஊற்றச் சொன்னால் ஊற்றும், அவ்வளவே. ஊற்றமாட்டேன் என்று சொல்லக்கூடிய பொம்மையைத் தமிழில் நமக்குத் தந்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கேற்றவர். இயந்திரங்களின் கீழ்ப்படிதலை நன்கு அறிந்தவர் கீழ்ப்படியாத ஒன்றைப் படைத்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 2008-இல் அவர் மறைந்தார். அவர் கற்பனையில் கண்ட காலத்தில்தான் நாம் இன்று வாழ்கிறோம்.

மறுபடி படித்தபோது சில இடங்கள் அவசரத்தில் எழுதியவையாகத் தோன்றின. ரவியும் மனோவும் எனக்கு இன்னும் நிழலாகவே இருக்கிறார்கள். ஜீனோ வரும் பக்கங்களில் மட்டும் அந்தக் குறை தெரியவில்லை. நிலா பெயருக்கு ராணியாகிவிடும் 'மீண்டும் ஜீனோ'வில் கதையைத் தூக்கி நிறுத்துவதும் அதுதான்.

தாள்கட்டைப் புரட்டும்போது நடுவில் ஒரு வாரம் இல்லை என்பது தெரிந்தது. அது லாத்தாவின் நிக்காஹ் நடந்த வாரம். பந்தலும் விருந்துமாக இருந்த அந்த நாட்களில் இதழ் வாங்க நான் மறந்துவிட்டேன். மறு வாரம் போனால் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். மீதி வாரங்களை அவருடைய புகுந்த வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். பின்னர் கதை புத்தகமாக வந்தது; எனக்கு வாங்கித் தரத் தோன்றவில்லை; அவரும் கேட்கவில்லை. தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அவர் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை.

இம்முறை புத்தகத்தை வாங்கிவந்து கொடுத்தேன். விடுபட்ட பகுதியைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார். முடித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

"இவ்வளவுதானா, தம்பி? இந்த வாரத்தை நான் இதைவிட நல்லா நினைச்சு வச்சிருந்தேன்."

மகள் கணினியை மூடிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கம்மா, ஜீனோ என்ன செஞ்சுச்சு?"

லாத்தா சொல்லத் தொடங்கினார்.