அழியாத புள்ளிகள்

எங்கள் குடும்பத்தில் மருத்துவ பீடத்தின் வாசல்வரை சென்று திரும்பியோர் மூவர். முதலாமவர் என் பெரியப்பா. 1971 இல் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமெனக் கொள்ளப்பட்ட கதை இம்மலரின் வாசகர்க்குப் புதியதன்று. பெரியப்பா அவ்விரு எண்களுக்கும் இடையில் அகப்பட்டவர். இரண்டாமவள் நான். உயிரியற் பிரிவில் இருமுறை தோற்றி, இருமுறையும் யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளியை எட்டாது, மூன்றாம் முறை கலைப்பிரிவுக்கு மாறி இங்கு வந்து சேர்ந்தேன். என் கதையிற் சொல்லத்தக்கது அவ்வளவே. மூன்றாமவரான பெரியப்பாவின் மகனைப் பற்றியே எழுத விழைகிறேன்.

அண்ணா 1991 இல் அமெரிக்காவில், நியூ ஜேர்சியிற் பிறந்தவர். அந்நாட்டிற் பாடசாலையை முடித்தவுடன் மருத்துவ பீடத்துக்குச் செல்லுதல் பொது வழக்கமன்று. முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு, அதன்பின்னரே விண்ணப்பம். 2009 இல் அவர் பல்கலைக்கழகம் புகுந்தபோது பெரியப்பா ஊருக்கெல்லாம் தொலைபேசியிற் சொல்லி மகிழ்ந்தார். இரண்டாண்டுகளில் 60 கிரெடிட் முடிந்தது. சராசரி, நான்குக்கு 2.0. சேதன இரசாயனத்திற் சித்தியெய்தவில்லை. 2011 இல் ஒருவரிடமும் சொல்லாது இராணுவத்திற் சேர்ந்துவிட்டார்.

இச்செய்தி எங்கள் வீட்டை எவ்வாறு தாக்கியிருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. சீருடையணிந்த அவருடைய படமொன்றைப் பெரியம்மா அனுப்பியிருந்தார். எந்த நாட்டுச் சீருடையாயினும் அதனைச் சுவரில் மாட்ட அம்மம்மா உடன்படவில்லை. அப்படம் அலுமாரியிற் சேலைகளின் அடியிற் கிடந்தது. "பிள்ளை என்ன செய்யுது?" என்று அயலார் கேட்டால், "படிக்குது" என்பதே எங்கள் வீட்டு விடை.

உண்மையில் அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் போர்க்களச் சிகிச்சையாளருக்கான பதினாறு வாரப் பயிற்சி; பின்னர் 2013 இல் ஆப்கானிஸ்தான். 2017 இற் சேவையிலிருந்து நீங்கினார். படைச்சேவை முடித்தோரின் கல்விக்கென 2008 இல் நிறைவேறிய சட்டமொன்று 36 மாதப் படிப்புக்கு உதவுகிறது. அதனைக்கொண்டு எஞ்சிய 60 கிரெடிட்டையும் முடித்தார். இம்முறை சராசரி 3.8.

அப்படியாயின் என்ன குறை என்று நானும் கேட்டேன். அவர் கணக்கை விளக்கினார். இரண்டையுங் கூட்டிப் பாதியாக்கினால் 2.9. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பொது விண்ணப்பம். பல்கலைக்கழக மட்டத்தில் வாழ்நாளிற் படித்த ஒவ்வொரு பாடமும் அதில் எழுதப்படவேண்டும். சித்தியெய்தாத பாடத்தை மீண்டும் படித்து உயர்சித்தி பெற்றாலும் பழைய புள்ளியும் உடன் கணக்கிடப்படும். (ரெக்சாஸில் வசிப்போர் பத்தாண்டுக்கு முந்திய பாடங்களை முற்றாகத் தள்ளிவிடுமாறு கோர ஒரு சட்டமுண்டாம். அவர் அங்கு பயிற்சி பெற்றவரேயன்றி வசிப்பவரல்லர்.) 472 இலிருந்து 528 வரை புள்ளியிடப்படும் மருத்துவ நுழைவுப் பரீட்சையில் 511 பெற்றிருந்தார். 500 நடுப்புள்ளி என்பதால் அது நல்ல பெறுபேறே. ஆயினும் 2.9 அதனருகில் நின்றது.

எனக்கு அப்போது ஒரு விந்தை தோன்றிற்று. என்னுடைய முதலிரு தோல்விகளையும் இங்கு எவரும் கேட்டதில்லை. மூன்றாம் முறை எடுத்த இசட் புள்ளி போதுமானதாயிற்று. ஆனால் நான்காம் முறை என்பது எங்களுக்கில்லை. அவருக்கோ முப்பது கடந்த பின்னரும் விண்ணப்பிக்கத் தடையில்லை, பதினெட்டு வயதின் பிழை மட்டும் கூடவே வரும். எது கொடியது என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

இன்னொன்றும் அவ்விண்ணப்பத்தில் உண்டு. மருத்துவம் படிக்க விரும்புவது ஏன் என்று 5,300 எழுத்துக்களுக்குள் ஒரு கட்டுரை எழுதவேண்டும். சென்ற ஆண்டு அதனை எனக்கு அனுப்பி, "தங்கச்சி, நீ எழுத்துப் படிக்கிறாய், வாசிச்சுப் பார்" என்றார். முழுவதும் யுத்தம். ஹெலிகொப்ரர், குருதி, புழுதி. தவறவிட்ட இரண்டாண்டுகளுக்கு ஒரேயொரு வாக்கியம். வாசித்து முடித்தபோது எனக்குக் கூச்சமாயிருந்தது. யுத்தத்தைச் சொல்லிப் பயன்பெறுவோரை இம்மண்ணிலும் கண்டிருக்கிறேன்.

"அண்ணா, இதில் அந்த 2.0 எடுத்தவர் எங்கே?" என்று கேட்டேன்.

நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அவன் அப்பாவுக்காகப் படிச்சவன். அதை எப்படி எழுதுறது? அப்பா வாசிப்பாரே" என்றார்.

"இப்ப ஆருக்காக?"

அதற்கு அவர் கூறியதை என்னாலியன்றவரை அவ்வாறே எழுதுகிறேன். களத்தில் அவரது வேலை குருதியை நிறுத்துவது, மூச்சைக் காப்பது, காயமுற்றவரை ஹெலிகொப்ரரில் ஏற்றுவது. கதவு மூடியபின் அம்மனிதனுக்கு என்னவாயிற்றென்று பெரும்பாலும் தெரியவராது. கால் காப்பாற்றப்பட்டதா, நடந்தானா, வீடு சேர்ந்தானா, ஒன்றும் தெரியாது. "எல்லாருடைய முதல் இருபது நிமிசமும் எனக்குத் தெரியும். மிச்சம் தெரியாது. மிச்சத்தைத் தெரிய வேணும்" என்றார்.

"இதை எழுதுங்கோ" என்றேன். எழுதினார். ஹெலிகொப்ரர் ஒரு பந்தியாகச் சுருங்கியது. 2.0 க்கு இரண்டு பந்திகள் கிடைத்தன; பெரியப்பாவும் அவற்றில் வந்தார், 250 என்ற எண்ணோடு.

இருபதுக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். மூன்று நேர்முகத்துக்கு அழைத்தன. இரண்டு மறுத்துவிட்டன. மூன்றாவது காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. எத்தனையாம் இடமென்று அவர்கள் கூறுவதில்லை. இரவில் அம்புலன்ஸ் வேலைக்குச் சென்று பகலில் உறங்குகிறார்.

பெரியப்பாவும் அவரும் ஒரே வீட்டில்தான் வசிக்கின்றனர். ஆயினும் ஞாயிறுதோறும் பெரியப்பா யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து, சுகம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, ஈற்றில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்கிறார்: "அவன் உங்கட பிள்ளைக்கு ஏதும் சொன்னவனோ?"