சேந்தமங்கலத்துச் சந்தனத் தைலம்

சேந்தமங்கலம் என்றதும் வாசகர்களில் சிலருக்குத் தத்தாத்திரேயர் கோயில் ஞாபகம் வரும். சிலருக்கு நைனாமலைப் படிகளும், புரட்டாசிச் சனிக்கிழமையும், அதற்கு மறுநாள் முழங்காலில் ஏற்படும் வலியும் ஞாபகம் வரும். நமக்கோ முதலில் வருவது அத்தையின் ஞாபகம். அத்தையின் ஞாபகம் வந்துவிட்டால் கூடவே சந்தனத் தைலத்தின் வாசனையும் வந்து நிற்கும்.

நாமக்கல்லிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தை நோக்கிப் போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். எந்தத் தெருவில் நின்று கிழக்கே பார்த்தாலும் மலை தெரியும். சிறு பிராயத்தில் பள்ளிக்கூட விடுமுறைக்கு இங்கே வரும்போதெல்லாம், வாசற்படியில் கால் வைக்கும் முன்பே அத்தை வீட்டில் இருக்கிறாரா, கோயிலுக்குப் போயிருக்கிறாரா என்று மூக்கைக் கொண்டே சொல்லிவிடுவோம். காலையில் ஸ்நானம் ஆனதும் ஒரு சிறு குப்பியிலிருந்து ஒரே ஒரு துளி எடுத்து இரண்டு மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் தொட்டுக்கொள்வார். மாமா மைசூருக்குப் போயிருந்தபோது வாங்கி வந்த தைலம் அது. மாமா காலஞ்சென்று வெகு வருஷங்களாகிவிட்டன. குப்பியில் இன்னும் கால் பங்கு மிச்சம் இருக்கிறது. ஒரு துளி என்றால் ஒரு துளிதான்!

2021-ஆம் வருஷம் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது அத்தைக்கும் ஜுரம் கண்டது. உயிருக்கு ஆபத்து இல்லாமல் தப்பித்தார். ஆனால் நோய் போகும்போது அவருடைய மூக்கின் சக்தியையும் கொண்டு போய்விட்டது. ஏழெட்டு மாதம் கழித்து ஏதோ கொஞ்சம் திரும்பி வந்தது. வந்ததும் கோணலாக வந்தது. காப்பி, கருகிய ரப்பர் மாதிரி நாறியது. தாளித்த வெங்காயம் வாந்தியை வரவழைத்தது. சந்தனமோ வரவேயில்லை. டாக்டர் சொன்னபடி ரோஜா, எலுமிச்சை, லவங்கம், நீலகிரித் தைலம் ஆகிய நாலையும் தினம் இரு வேளை முகர்ந்து மூக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர்கள் 2009-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முறை இது. "இந்த வயசில என்னை ஒண்ணாங் கிளாஸ்ல சேர்த்துட்டாங்க கண்ணு" என்று சிரிப்பார்.

சிரிப்பாரே தவிர, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தாலும் தெரியாமல் தனி வீட்டில் இருப்பது சிரிக்கக்கூடிய காரியமா? அதைவிட அவரை அதிகமாக வாட்டியது வேறொன்று. நாம் போன தை மாதத்தில் ஒரு நாள், சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "நான் போட்டுக்கிட்டது மணக்குதா? இல்லே வெறும் கிழவி வாசம்தான் வருதா? எனக்காகச் சொல்லாதே."

"மணக்குதுங்க அத்தை" என்றோம். உண்மையைத்தான் சொன்னோம். அவர் நம்பவில்லை.

அதற்கு மறுநாள்தான் அறப்பளீசுவரர் தரிசனத்துக்காகக் கொல்லிமலைக்குப் போனோம். நாம், நம் இல்லாள், அத்தை ஆகிய மூவர். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் இருந்துவிட்டால், கோயிலுக்குப் போகும்போதும் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாமே என்ற புத்திதான் வரும். அத்தைக்கென்று நாம் கடைத்தெருவில் ஒரு சந்தன அத்தர் புட்டி வாங்கிப் போயிருந்தோம்; சீட்டில் தங்க எழுத்து, விலையும் சகாயம். காலை ஆறு மணிக்கு மூவரும் வலது மணிக்கட்டில் அத்தையின் பழைய தைலத்தையும், இடது மணிக்கட்டில் இந்தப் புதிய அத்தரையும் தொட்டுக்கொண்டோம். ஒரு கைக்குட்டையின் இரு மூலைகளிலும் அவ்வாறே தொட்டு வைத்தோம்.

முதல் பத்து நிமிஷத்தில் புதிய புட்டிக்கே வெற்றி! பஸ்ஸில் முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பழைய தைலமோ, நனைந்த மரத்தூள் மாதிரி லேசாக ஏதோ முனகிற்று. இல்லாள் நம்மைப் பார்த்த பார்வையில், 'நாற்பது வருஷத் தைலம் வீணாய்ப் போயிற்று' என்ற தீர்ப்பு இருந்தது.

இந்த இடத்தில் வாசனையின் நடத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசனை என்பது பொருளை விட்டுப் பறந்து வரும் மிகச் சிறிய மூலக்கூறுகளே அன்றி வேறில்லை. எடை குறைந்தவை பொதுவாகச் சீக்கிரம் பறக்கும். கனமானவை மெதுவாகக் கிளம்பும். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் என்பதன் மூலக்கூறு எடை 136. சந்தனத்தில் உள்ள சாண்டலால் என்பதற்கு 220. ஆகையால் எலுமிச்சை உடனே கூவிவிட்டு ஓடிவிடுகிறது. சந்தனம் நிதானமாக வந்து, வந்த பிறகு போக மறுக்கிறது. பல சரக்குகள் கலந்த தைலத்தைத் தோலில் பூசினால், அது ஒரே வாசனையாக இருந்து தேய்வதில்லை. முதலில் ஒரு கோஷ்டி பேசிவிட்டுப் போகும். பிறகு பூக்கள் பேசும். கடைசியில் மரமும் பிசினும் கஸ்தூரியும் மிஞ்சும். ஆகவே கடையில் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்குகிறவன், கச்சேரியில் சுருதி சேர்ப்பதை மட்டும் கேட்டுவிட்டுப் பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவனுக்குச் சமானம். நாமும் அப்படித்தான் வாங்கியிருந்தோம்.

தோல் இந்த விஷயத்தில் சும்மா இருப்பதில்லை. அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 33 டிகிரி உஷ்ணத்தில் இருக்கும் ஓர் அடுப்பு. நாடி ஓடும் மணிக்கட்டிலும் காதின் பின்புறத்திலும் கதகதப்புக் குறையாது. நம் முன்னோர்கள் அங்கே பூசியதில் அர்த்தம் இருக்கிறது. தோலில் இயற்கையாக ஊறும் எண்ணெய்ப் பசை வாசனையைக் கரைத்துப் பிடித்து வைக்கும். வறண்ட தோல் அதைச் சீக்கிரம் கைவிட்டுவிடும். வியர்வையும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் தங்கள் பங்குக்குச் சொந்த வாசனையைச் சேர்க்கும். அதனால்தான் ஒரே குப்பி மூன்று பேரிடம் மூன்று விதமாக மணக்கிறது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நக்கீரருக்கும் சிவபெருமானுக்கும் நடந்த வழக்கை நேயர்கள் அறிவார்கள். மலரைச் சூடாத, தைலம் பூசாத தேகத்துக்கும் தனக்கென்று ஒரு மணம் உண்டு என்பது இன்றைய ரஸாயன சாஸ்திரத்தின் முடிவு. அந்த மட்டில் தருமியின் கட்சி ஜயித்தது என்றே சொல்லலாம். நக்கீரர் மன்னிப்பாராக!

காரவள்ளியைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பமாகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. இவ்வளவு சௌகரியமான கடிகாரம் வேறு எங்கே கிடைக்கும்? பதினைந்தாவது வளைவில் இடது மணிக்கட்டின் ஆரவாரம் குறைந்தது. முப்பதாவது வளைவில் சந்தனம் என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றும் இல்லை; மருந்து ஷாப்பில் புட்டி உடைந்த மாதிரி ஒரு நெடியும், விரலில் ஒரு வழுவழுப்பும் மட்டும் மிஞ்சின. கன்னோசி நகரத்துப் பழைய வழக்கப்படி, செப்புப் பாத்திரத்தில் பூக்களை இட்டு வடிக்கும்போது, அந்த ஆவி போய்ச் சேரும் பாத்திரத்தில் சந்தனத் தைலம் காத்திருக்கும். அதுதான் அத்தருக்கு ஆதாரம். இன்று நல்ல சந்தனத் தைலம் கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டபடியால், மணமில்லாத வேறு எண்ணெய்களை ஆதாரமாக வைப்பது எங்கும் சகஜமாகிவிட்டது. நம் சகாய விலைப் புட்டி அந்த வம்சத்தைச் சேர்ந்தது போலும்.

வலது மணிக்கட்டோ அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. முதலில் இருந்த மரத்தூள் போய், பால் சுண்டக் காய்ச்சியது போன்ற ஓர் இனிமை எழுந்தது. நம்மிடம் அது கொஞ்சம் காரமாகவும், இல்லாளிடம் இன்னும் குழைவாகவும் இருந்தது. அத்தையின் வறண்ட கையில் மிகவும் மெலிந்திருந்தாலும், சிறு பிராயத்தில் நாம் அறிந்த வாசனை அந்தக் கையில் மட்டுமே இருந்தது. கைக்குட்டையிலோ இரண்டுமே காலையில் இருந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. துணிக்கு உஷ்ணமும் இல்லை, அவசரமும் இல்லை.

மைசூர்த் தைலத்துக்கும் ஒரு சுதேசிக் கதை உண்டு. நம் நாட்டுச் சந்தனக் கட்டை வெகு காலம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைலமாக வடிக்கப்பட்டு வந்தது. 1914-இல் யுத்தம் மூண்டு அந்த வியாபாரம் நின்றதும் மைசூர் ஸமஸ்தானம் விழித்துக்கொண்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பரிசோதனை நடந்து, 1916-இல் மைசூர் அரசாங்கத்தின் தைலத் தொழிற்சாலை ஆரம்பமாயிற்று. நல்ல தைலத்தில் ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதமும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முகர்ந்தார், வாங்கினார்.

ஐம்பதாவது வளைவுக்கு மேல் குளிர் அதிகமாயிற்று. மேலே ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட பீடபூமி. கீழே இருப்பதைவிட ஆறேழு டிகிரி குறைவு. தை மாதத்து மூடுபனி வேறு. மணிக்கட்டை மூக்கில் ஒட்டிப் பார்த்தாலும் இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை! தைலம் போய்விடவில்லை, குளிரில் பறக்க மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. இல்லாளின் தலையிலிருந்த மல்லிகைச் சரம் மட்டும் மணம் வீசியது. பறித்த பிறகும் மலருக்கு உயிர் இருக்கிறது. அது செலவழித்ததைத் திரும்பச் சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது. தைலத்துக்கு வரவு கிடையாது, செலவு மட்டுந்தான்.

செம்மேட்டில் இறங்கி வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்தோம். அந்த வள்ளலுக்கு ஆடி மாதத்தில் அரசாங்கம் விழா எடுக்கிறது. அங்கிருந்து வேறு பஸ். வழியெல்லாம் மிளகுக் கொடியும், காப்பிச் செடியும், பலா மரங்களும். கோயில் பெரியகோவிலூரில் இருக்கிறது. அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இந்த அறப்பளீசுவரர் மீதுதான். தரிசனம் ஆனதும், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளை அத்தை எட்டிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இப்படி வெயில்ல குந்தியிருக்கேன்" என்றார். நாமும் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லத் தகுந்தது ஒன்றும் இருந்திராது.

மணி பதினொன்று இருக்கும். பனி விலகி வெயில் நன்றாக ஏறியிருந்தது. அத்தை மடியில் கையை மலர்த்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். திடீரென்று வலது கையைத் தூக்கி மூக்கருகே கொண்டு போனார். இறக்கினார். மறுபடியும் கொண்டு போனார். "என்னங்க அத்தை?" என்றோம்.

"சும்மா இரு கண்ணு" என்றார். சிறிது நேரம் கழித்து, "சந்தனமான்னு தெரியல. எங்கம்மா துணி வைக்கிற மரப் பொட்டி இருந்துச்சே, அதைத் திறந்தாப்பலே இருக்குது. ரொம்ப தூரத்துல" என்றார்.

இல்லாள் அவருடைய இடது கையை எடுத்து முகரச் சொன்னாள். அத்தை முகத்தைச் சுளித்தார். "கருகல்" என்றார்.

வெயிலில் சூடேறிய தோல் தைலத்தைக் கிளப்பிவிட்டது என்பது நமக்குத் தெரியும். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு தோலில் மிஞ்சியிருப்பது சந்தனத்தின் சாரம் என்பதும் தெரியும். நம் மூக்கில் ஏறக்குறைய நானூறு விதமான வாசனை வாங்கிகள் இருக்கின்றன. அவற்றின் மரபைக் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயில் பழுதுபட்ட நரம்புகள் மறுபடி தளிர்க்கும்போது ஒவ்வொன்றாகத்தான் வழி கண்டுபிடிக்கின்றன என்றும் படித்திருக்கிறோம். அன்று அத்தையிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அவர் அரை நாழிகைக்கு ஒருமுறை வலது கையை முகர்ந்துகொண்டே இருந்தார். ஓயாமல் முகர்ந்தால் மூக்கு களைத்துப் பழகிவிடும் என்பதை மட்டும் சொல்லி, இடைவெளி விடச் சொன்னோம். கல்யாண வீடுகளில் சில கனவான்கள் தங்கள் அத்தர் தங்களுக்கே தெரியவில்லை என்று மேலும் மேலும் பூசி, பந்தியில் பக்கத்து இலைக்காரரை வதைப்பது இதனால்தான்.

இறங்கும்போது அத்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். நாற்பதாவது வளைவில், "போயிடுச்சு" என்றார். இருபதாவது வளைவில், "இருக்குது" என்றார். அடிவாரத்தில் கேட்டபோது பதில் சொல்லவில்லை.

சேந்தமங்கலத்தில் வீடு சேர்ந்ததும் இல்லாளிடம் காப்பி போடச் சொன்னார். இரண்டரை வருஷத்துக்குமேல் அந்த வீட்டில் காப்பித் தூள் வாங்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்தோம். டம்ளரை வாயருகே கொண்டு போனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இது இன்னும் ரப்பர்தான். நீ குடி கண்ணு" என்று நம் பக்கம் தள்ளினார். பிறகு அலமாரியைத் திறந்து, நாம் வாங்கி வந்த புட்டியை எடுத்து நம் பையில் போட்டார். மாமாவின் குப்பியை ரோஜா, எலுமிச்சை முதலிய நாலுடன் ஐந்தாவதாக ஜன்னல் மாடத்தில் வைத்தார்.