படிப்பு நின்ற ஆண்டு: அகளி நாட்குறிப்பு

நவம்பர், இரண்டாம் வாரம்

கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் ஒரே நாளில் நிற்பதில்லை. ஓணம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் ஒரு வாரம் தாமதித்துத் திரும்புகிறார். விடுதிக்குக் கட்ட வேண்டிய தொகை சேரவில்லை. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதி கடந்துபோகிறது. பெயர் நீக்கப்பட்ட செய்தி வந்து சேரும்போது, அவர் மனத்தளவில் கல்லூரியை விட்டு மாதக்கணக்காகியிருக்கும்.

அகளி அட்டப்பாடியின் தலைமையிடம். பாலக்காடு மாவட்டத்தின் இந்த மலைப்பகுதி அகளி, புதூர், சோலையூர் என்ற மூன்று ஊராட்சிகளைக் கொண்டது. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகளோடு தமிழ்க் கவுண்டர்களும் மலையாளக் குடியேறிகளும் இங்கே வாழ்கிறார்கள். மேற்கே சுரம் இறங்கினால் மன்னார்க்காடு. கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோவை. கோட்டத்துறையில் அரசு கலை அறிவியல் கல்லூரி 2012இல்தான் வந்தது. அதற்கு முன் பட்டப்படிப்பு என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். இன்றும் விரும்பிய பாடம் உள்ளூரில் இல்லாதவர்கள் இறங்கத்தான் செய்கிறார்கள். வீட்டில் இருளமோ தமிழோ, பள்ளியில் தமிழோ மலையாளமோ, கல்லூரியில் ஆங்கிலம்: முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுவதற்கு இந்த வரிசை ஒன்றே போதும்.

குடும்ப ஆதரவின்மை எல்லோருக்கும் ஒரே வகையில் அமைவதில்லை. சிலருக்கு வீட்டோடு பேச்சே இல்லை. பலருக்கு வீடும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது; படிப்பைப் பற்றிப் பேசத் தெரிந்த ஆளும், கொடுக்கப் பணமும்தான் இல்லை. இரண்டாம் வகையினரே அதிகம் கவனிக்கப்படாமல் போகிறவர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர்கள் அம்மா அப்பாவோடு இருக்கும் பிள்ளைகள்தானே.

நவம்பர் இறுதி

முதல் வேலை காகிதங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசல். படிப்பை விட்டவர்கள் வெட்கத்தாலோ பாக்கிப் பணத்துக்குப் பயந்தோ கல்லூரிப் பக்கம் போகாமலிருப்பது வழக்கம். இதனால் வரும் நஷ்டம் அரியரால் வருவதைவிடப் பெரிது. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. கட்டணம் திரும்பப் பெறுவதற்கும் அதே அறிவிப்பு அளவு வகுத்தது: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம், அதன்பின் ஒன்றுமில்லை. நவம்பரில் பணத்தைக் கேட்டுப் பயனில்லை, சான்றிதழைக் கேட்கலாம்.

தேறிய தாள்களும் வீணல்ல. 2021இல் தொடங்கிய கல்வி மதிப்பு வங்கியில் மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் அதிகபட்சம் 7 ஆண்டுகள் கணக்கில் நிற்கும். கணக்கு மாணவர் பெயரில் இருக்கிறதா, கல்லூரி கிரெடிட்டுகளை ஏற்றியதா என்பதை விலகும்போதே பார்த்துவிட வேண்டும். பின்னர் கேட்கப் போனால் ஆளும் மாறியிருப்பார், பதிவேடும் இடம் மாறியிருக்கும்.

டிசம்பர், முதல் வாரம்

அரசு உதவிகளில் பெரும்பாலானவை குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டவை. வீட்டைச் சாராமல் நிற்க முயலும் இளைஞர் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். ரேஷன் அட்டை குடும்பத்துக்கு. வருமானச் சான்றிதழில் கணக்கிடப்படுவது குடும்பத்தின் வருமானம். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை நாள்களும் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. வேலை அட்டையில் அண்ணனும் அண்ணியும் இருந்தால் நாள்களும் பங்காகும். பழங்குடிக் குடும்பங்களுக்குக் கேரள அரசு டிரைபல் பிளஸ் திட்டத்தில் மேலும் 100 நாள் சேர்த்தது. 2025-26இல் ஒரு நாள் கூலி 369 ரூபாயாக இருந்தது. வீட்டோடு பிணக்கு என்று அட்டையைத் தொடாமல் விட்டவருக்கு இந்தக் கூலியும் கிடைக்காது.

ஆதாரும் சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் தனியாள் பெயரில் வருபவை. 2002இல் கேரளம் தொடங்கிய அட்சய மையங்களில் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். வயநாட்டில் பழங்குடியினரின் அடிப்படை ஆவணங்களை முகாம் போட்டு எடுத்துக்கொடுத்து, மின்னணுப் பெட்டகத்தில் சேர்த்து வைக்கும் இயக்கமே நடந்தது. மழையில் கூரை ஒழுகும் வீடுகளில் காகிதம் எத்தனை நாள் தாங்கும் என்பதை யோசித்துப் பார்த்தவர்கள் செய்த வேலை அது.

டிசம்பர், மூன்றாம் வாரம்

காகிதத்துக்கு அடுத்தது கூலி. அட்டப்பாடியின் மேற்குப் பகுதியில் மழை கொட்டும். கிழக்குப் பகுதி மழைமறைவு நிலம், அங்கே விவசாயக் கூலி ஆண்டு முழுக்கக் கிடைப்பதில்லை. எனவே பலர் ஆனைகட்டியில் பேருந்து ஏறுகிறார்கள். கோவையின் ஆலைகள், பம்ப் பட்டறைகள், கட்டட வேலை, துணிக்கடை. விடுதியும் சாப்பாடும் சேர்த்துத் தரும் வேலை, போக இடமில்லாதவருக்குச் சட்டென்று ஒரு கூரையைக் கொடுக்கிறது. அங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: வேலை போனால் அதே நாளில் கூரையும் போகும். ஷிப்டு மாறி மாறி வரும் இடத்தில் தேர்வுக்கும் படிக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து சின்ன அறை எடுத்து, வேலையைத் தனியாகத் தேடிக்கொள்வது முதலில் செலவு கூடுதல்தான். ஆனால் அடுத்த சேர்க்கை வரும்போது கையில் நேரம் மிஞ்சுவது அப்படி இருப்பவருக்கே.

ஜனவரி

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சேர்க்கை நடத்துகிறது. மூன்றாண்டு பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நீட்டித்து முடிக்கலாம். கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2020 முதல் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க இவை வழி. ஆனால் தொலைநிலைக் கல்வி யாருக்கும் எதையும் நினைவூட்டாது. ஒப்படைவுத் தேதி, தேர்வு விண்ணப்பத் தேதி, மறுபதிவுத் தேதி எல்லாவற்றையும் படிப்பவரே குறித்து வைக்க வேண்டும். படித்த குடும்பங்களில் தகப்பனோ அக்காவோ சத்தமில்லாமல் செய்துவிடும் வேலை இது. அது வேலை என்றே அந்த வீடுகளில் யாருக்கும் தோன்றாது.

மாசி, சிவராத்திரி

செம்மண்ணூர் மல்லீஸ்வரன் கோயில் திருவிழாவுக்கு வெளியூர் போனவர்களும் திரும்பி வருகிறார்கள். வழி தெரிந்த ஆளைப் பிடிக்க இது நல்ல காலம். பழங்குடியினர் நலத்துறையின் எஸ்.டி. புரமோட்டர்கள், ஊரு எனப்படும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு நேரில் வருபவர்கள். உதவித்தொகை, விடுதி, சிறப்புச் சேர்க்கை பற்றிய செய்தி முதலில் அவர்களிடம் வரும். மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ தனித் திட்டமாகவே அட்டப்பாடியில் இயங்குகிறது. ஊருதோறும் பெண்கள் கூட்டம் இருக்கிறது. ஊரு மூப்பனிடம் சொல்லி வைப்பதும் வழக்கம். இவர்களில் ஒருவருக்காவது, படிப்பு நின்றுவிட்டது என்ற உண்மை தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைப்பவருக்கு அறிவிப்புகள் வந்து சேர்வதில்லை.

ஏப்ரல்

கல்லூரிக்கு வெளியே கற்றல் என்று பேச்சு வந்தால் அகளிக்காரர்கள் சாரங்கைச் சொல்வார்கள். கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதியர் வேலையை விட்டுவிட்டு 1980களில் இங்கே ஒரு மொட்டை மலையில் தொடங்கிய மாற்றுப்பள்ளி அது. மலையைப் பசுமையாக்குவதும் வீடு கட்டுவதும் பாடமாக இருந்தன. பிள்ளைகள் வழக்கமான பள்ளிக்குப் போகாமல் அங்கேயே கற்றார்கள். இடையில் நின்றுபோன முயற்சியை மகன் கௌதம் பின்னாளில் மீண்டும் கையிலெடுத்தார். அருமையான முன்மாதிரிதான். ஆனால் அங்கே பெற்றோரே ஆசிரியர்கள். துணையில்லாமல் நிற்பவரிடம் சாரங்கைக் காட்டி, பட்டம் எதற்கு என்று கேட்பது நியாயமாகாது.

அவருக்கு அருகில் இருக்கும் உதாரணம் கார்த்தும்பிக் குடை. தம்பு என்ற அமைப்பின் முயற்சியில் அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்கள் செய்து விற்கும் இந்தக் குடைகளைப் பிரதமர் 2024 ஜூனில் வானொலி உரையில் குறிப்பிட்டார். குடை செய்வது பருவத் தொழில். ஆண்டு முழுவதற்குமான வருமானம் அதில் வராது. ஆனால் கணக்கு வைக்கவும் ஆர்டர் பிடிக்கவும் பார்சல் அனுப்பவும் ஓரளவு படித்த கை வேண்டும். பயறு வகைகளிலும் இதே நிலை. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைவிக்கத் தெரிந்தவர்கள் ஊருகளில் இருக்கிறார்கள். தரம் பிரித்து, பொட்டலமிட்டு, ரசீது போட்டு விற்பவர்கள் குறைவு. இரண்டு செமஸ்டர் வணிகவியல் படித்து நிறுத்தியவருக்கு இங்கே வேலை இருக்கிறது.

திட்ட வேலையை மட்டும் நம்புவது வேறு கதை. ஜப்பானியக் கடனுதவியோடு அகளியில் இயங்கிய அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம், அகாட்ஸ், பல இளைஞர்களுக்கு வேலை தந்தது, காடும் வளர்த்தது. திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. திட்டத்தில் சேர்பவர் அது எந்த ஆண்டு முடியும் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஜூன், ஜூலை

சேர்க்கைக் காலம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் ஆகியவை இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெல்டர் ஓராண்டு. பட்டப்படிப்பை விட்டுவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போவதைப் பலர் இறக்கமாக நினைக்கிறார்கள். கையில் காசில்லாதவருக்கு விரைவில் சம்பளம் தரக்கூடிய படிப்பு இது. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்பழகுநராகச் சேர்ந்தால் பயிற்சிக் காலத்திலும் உதவித்தொகை உண்டு.

பழைய கல்லூரிக்கே திரும்ப விரும்புகிறவர் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்ததால், அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பாடத்திட்டம் மாறியிருக்கும். எந்த செமஸ்டரில் உட்கார வைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வேலையை விட வேண்டும்.

கேரளப் பணியாளர் தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவும் இந்த மாதத்திலேயே முடிக்கத்தக்கது. காவல்துறையிலும் வனத்துறையிலும் பழங்குடி இளைஞர்களுக்கெனச் சிறப்புத் தேர்வுகள் நடந்திருக்கின்றன. வனத்துறையில் பீட் ஃபாரஸ்ட் ஆபீசர் பணிக்கு மட்டும் 500 இடங்கள் இருந்தன. பட்டம் இல்லாததால் இவற்றை இழந்தவர்களைவிட, அறிவிப்பு வந்தபோது பதிவும் சாதிச் சான்றிதழும் தயாராக இல்லாமல் இழந்தவர்களைப் பற்றியே ஊருகளில் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார், கைபேசி எண், சமீபத்திய புகைப்படம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு அட்சய மையத்துக்குப் போனால் ஒரே நாளில் முடியும்.