வந்த நாள்

எங்கள் தகப்பனார் காலத்துப் பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்களாக இருப்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம். தமக்குச் சௌகரியமான ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தக் கணக்குப்படி என் தகப்பனாருக்கும் அவர் தம்பிக்கும் ஐந்து மாதந்தான் வித்தியாசம். பாட்டிக்கு இந்த விஷயம் கடைசி வரை தெரியாது. தெரிந்திருந்தால் வாத்தியார் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

பிறந்த தேதி தெரியாததால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. "நீ பிறந்தப்போ நல்ல மழை; மருத்துவச்சி முழங்கால் தண்ணியிலே வந்தா" என்று சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்தாள். அது போதும். அப்படிச் சொல்ல ஒருவருமே இல்லாத குழந்தைக்குத்தான் காகிதத்தில் இருக்கும் தேதி வெறும் எண்ணாகப் போய்விடுகிறது.

திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் டோனாவூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். ஏமி கார்மைக்கேல் என்ற பெண்மணி 1867-இல் அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். கோயிலுக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி 1901-இல் தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று பல குழந்தைகள் வந்தார்கள். பெண் குழந்தைகளைப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நாளில் அந்தக் குழந்தைகளுக்கு வேறு போக்கிடம் இருந்திராது என்பது விளங்கும். 1918-இலிருந்து ஆண் குழந்தைகளும் அங்கே வந்தார்கள்.

பிறந்த நாள் தெரியாத அந்தக் குழந்தைகளுக்கு அங்கே 'வந்த நாள்' கொண்டாடினார்கள். நீ எப்போது பிறந்தாய் என்பது தெரியாது. ஆனால் எங்களிடம் எப்போது வந்தாய் என்பது நன்றாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் விசேஷ நாள் என்று பொருள். பணியாளர்களை அக்காள், சித்தி, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏமியை அம்மா என்றார்கள். அவர் 1951 ஜனவரி 18-ஆம் தேதி காலமானார். தம் சமாதிக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லம் இருக்கிறது. டோனாவூர் அளவுக்குப் பேர் பெற்றதல்ல. ஓடு வேய்ந்த இரண்டு கட்டிடங்கள், ஒரு வேப்பமரம், ஒரு கிணறு, இருபத்தெட்டுப் பிள்ளைகள். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லிவிட, சனிக்கிழமை மாலைகளில் கதை சொல்ல வர முடியுமா என்று கேட்டார்கள். போனேன். நான்கு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். என் சொந்தப் பேர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் 'கதை சார்'.

அங்கே காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. பெரிய பிள்ளைகள் பாயைச் சுருட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் சுருட்டிய பாயின் மேல் சாய்ந்து மறுபடி தூங்குவார்கள். குழாயடியில் பல் துலக்கும் வரிசை. ஆறரைக்கு ஜெபம்: ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, கர்த்தருடைய ஜெபம். அப்புறம் ஆளுக்கு ஒரு வேலை. முற்றம் பெருக்குகிறவர் யார், காய் நறுக்குகிறவர் யார் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். வாரா வாரம் மாறும். எட்டரைக்குப் பள்ளிக்கூடம். மாலையில் சுண்டல், விளையாட்டு, இரண்டு மணி நேரம் படிப்பு, மறுபடி ஜெபம், சாப்பாடு. ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்துவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், துணி துவைப்பு, பேன் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்தால் கறிக்குழம்பு.

நாள் தவறாமல் இப்படியே நடப்பது பார்க்கிற நமக்குச் சலிப்பாக இருக்கலாம். அடுத்த வேளை எங்கே என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கோ இதைப் போன்ற ஆறுதல் வேறில்லை. அவர்கள் கதை கேட்கும்போதே இது தெரியும். மற்ற இடங்களில் கதை சொன்னால், "அப்புறம் ராஜகுமாரன் சண்டை போட்டானா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே கேள்வி வேறு. "காட்டிலே இருந்தப்போ அவனுக்குச் சோறு யாரு பொங்கினா, சார்?" "அவன் துணிய யாரு தொவச்சா?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய பிறகு என் நாவல்களிலும் யாராவது ஒருவர் உலை வைக்காமல் அத்தியாயம் நகர்வதில்லை.

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் அக்கா என்பார்கள். வயது அறுபதுக்கு மேல். ஒரு நாள் அவர் ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்து, "தம்பி, நீங்க எழுதுகிறவங்க. இதை எனக்கு எழுதிக் கொடுத்தா பெரிய உபகாரமா இருக்கும்" என்றார். நன்கொடை கொடுப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை அனுப்பும் அறிக்கை அது. பிள்ளைக்கு ஒரு தாள். உயரம், எடை, வகுப்பு, மதிப்பெண், நடத்தை. கடைசியில் ஒரு பெரிய கட்டம். அதற்குத் தலைப்பு 'முன்னேற்றம்'.

"சரி அக்கா" என்று வாங்கிக்கொண்டேன்.

"கதையா எழுதிராதீங்க, தம்பி" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

இந்தக் கட்டம் என்னைப் படுத்திய பாடு எந்த நாவலும் படுத்தியதில்லை. கணக்கில் நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டு என்று எழுதுவது சுலபம். அக்காவிடம் போய், "இந்தப் பெண்ணிடம் என்ன முன்னேற்றம்?" என்று கேட்டால் அவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

ஒரு பெண். எட்டு வயது. வந்து ஒரு வருஷம் ஆகியும் எதைப் போட்டாலும் வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவாள். வருகிறவர்களெல்லாம் "எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று புகழ்ந்தார்கள். அக்காவுக்கு மட்டும் கவலை. ஒரு நாள் அந்தப் பெண் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னைக்கும் சாம்பாரா? எனக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"விருந்தாளிதான் தம்பி போட்டதைத் தின்னுட்டுப் போவா. குறை சொல்லுதான்னா, இது நம்ம வீடுன்னு அவளுக்குத் தோணிட்டு."

முன்னேற்றம் என்ற கட்டத்தில் 'சாம்பார் வேண்டாம் என்று சொன்னாள்' என்று எழுத முடியுமா? பணம் அனுப்புகிறவர் என்ன நினைப்பார்? 'உணவில் நல்ல ஆர்வம் காட்டுகிறாள்' என்று எழுதினேன். அதுவும் பொய் அல்ல.

இன்னொரு பையன். ஒன்பது வயதில் வந்தான். தகப்பன் இறந்துவிட்டார், தாய் பீடி சுற்றுகிறவள். அவன் இரவில் தலையணை வைத்துக்கொள்ள மாட்டான். பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பான். அதற்குள் புத்தகத்தோடு ஒரு சட்டையும் அவன் தாயின் பழைய முந்தானைத் துண்டும் இருக்கும். "அம்மா ராத்திரி வந்து கூப்பிட்டா உடனே போகணும்லா?" என்று கேட்டான். எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தான். விளக்கை அணைக்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, அணைக்காமலே சிறிது நேரம் நின்றாராம்.

இப்படிப்பட்ட அக்கா ஒருவர் இருக்கும் இல்லத்தைப் பார்த்துவிட்டு, எல்லா இல்லங்களும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றிய வழக்கு ஒன்று 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2017-இல் தீர்ப்பு வந்தது. இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்துகொள்ள வேண்டும், கண்காணிப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிற்று. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, எந்தப் பிள்ளையையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில்லாமல் வைத்திருக்க முடியாது. தர்மம் செய்கிறோம் என்பதற்காக யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அக்காவே, "கேக்க வாறவங்க வரட்டும் தம்பி. ஒளிக்கதுக்கு என்ன இருக்கு, சாம்பாரைத் தவிர?" என்பார்.

பழைய நாளில் இல்லத்தின் பெருமையை அதன் அளவை வைத்தே சொன்னார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் 1836-இல் ஒரு வாடகை வீட்டில் ஆரம்பித்த காரியம், அவர் உயிரோடு இருக்கும்போதே ஐந்து பெரிய மாளிகைகளாக வளர்ந்து, ஒரே சமயத்தில் 2,050 பிள்ளைகள் இருக்க இடம் உண்டாயிற்று. யாரிடமும் நேரில் கையேந்தாமல் ஒருவர் அத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பது சாமானியமா? அந்தக் காலத்தில் அதற்கு மாற்று தெருவோரம் அல்லது ஏழைகளை அடைக்கும் தொழிற்கூடம். ஆனால் இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது என்று கேட்பதை விட்டு, எத்தனை பிள்ளைகளுக்கு இந்த இடம் தேவைப்படாமல் செய்தோம் என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால் எங்கள் ஊர் இல்லத்தில் இருக்கும் இருபத்தெட்டுப் பேரில் தாயும் தகப்பனும் இல்லாதவர்கள் ஆறே பேர். மற்றவர்களுக்கு யாராவது ஒருவர் உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். வேப்பமர நிழலில் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் முறுக்குப் பொட்டலம். பிள்ளை முறுக்கைத் தின்னும். தாய் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே இருப்பாள். நாலரை மணிக்குப் பஸ். அந்த வேளையில் அங்கே நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. இந்தப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்தது அநாதைத்தனம் இல்லை, வறுமை.

இந்த இடத்தில்தான் சமீப காலத்தில் ஒரு நல்ல மாறுதல் வந்திருக்கிறது. பிள்ளையைத் தாயிடமே வைத்து வளர்க்கப் பணம் கொடுப்பது. 2022-இல் வந்த 'மிஷன் வாத்சல்யா' விதிமுறைகளின்படி, தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடுகிறதா என்றால் இல்லை. காகிதம் காகிதமாக அலைய வேண்டும். வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று அந்தப் பீடி சுற்றும் தாய் எத்தனை நாள் கூலியை இழந்தாள் என்பது அக்காவுக்குத் தெரியும். பாதி நாட்கள் அக்காவே கூடப் போனார். நன்கொடையாளர் பணம் அந்தப் பையனுக்காக வருவதுதான் இல்லத்துக்கு வருமானம். அவன் போனால் அது நின்றுவிடும். அது தெரிந்தேதான் அக்கா அலைந்தார்.

போன வருஷம் உத்தரவு வந்தது. பையனுக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது. தாய் வந்து கூட்டிப் போனாள்; ராத்திரி அல்ல, நல்ல பகல் வேளையில். ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல் வரைக்கும் ஓடினவன் திரும்பி வந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "போல, பஸ் போயிரும்" என்று அக்கா அவனை விரட்டினார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்று சமையல்காரம்மா எனக்குச் சொன்னாள்.

அந்த வருஷத்து அறிக்கைக் கட்டு என்னிடம் வந்தபோது அவனுடைய தாளும் அதில் இருந்தது. உயரம் இல்லை, எடை இல்லை, மதிப்பெண் இல்லை. "இதை என்ன செய்ய அக்கா? வேண்டாம் என்று கிழித்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"கிழிக்கப்பிடாது. அவங்க ரெண்டு வருஷமா பணம் அனுப்பியிருக்காங்க. என்ன நடந்ததுன்னு தெரிய வேண்டாமா?"

"முன்னேற்றம் என்று என்ன எழுத?"

அக்கா பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். இல்லம் ஆரம்பித்ததிலிருந்து உள்ள நோட்டு. ஒரு பக்கம் பேர், அடுத்தாற்போல் 'வந்த நாள்', அதற்கு அடுத்தாற்போல் 'போன நாள்', கடைசியில் 'எங்கே' என்று நான்கு வரிசை. எங்கே என்ற வரிசையில் பல ஊர்களும் வேலைகளும் இருந்தன. நர்ஸ் பயிற்சி, கோயம்புத்தூர் மில், பட்டாளம், கல்யாணம். பதினெட்டு வயது முடிந்ததும் போக வேண்டியவர்கள் போன இடங்கள். சில இடங்களில் ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் போட்டிருந்தது. அந்தக் கோடுகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

அக்கா விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். பையனின் பேருக்கு எதிரே கடைசி வரிசையில் அவருடைய சாய்ந்த எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

"இதையே எழுதுங்க தம்பி" என்றார்.

நான் பேனாவை எடுத்து, அந்தப் பெரிய கட்டத்தின் நடுவில், 'அம்மாவிடம்' என்று எழுதினேன்.