கைவேலை விமானமும் திசைக் கருவிகளும்

வின்னபேகோ ஏரிக்கரையிலுள்ள ஓஷ்கோஷ் நகரம், பால் போபரெஸ்னி 1953-இல் தோற்றுவித்த பரீட்சார்த்த விமானச் சங்கத்தின் தலைமை ஸ்தானமாகையால், சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்கு அதை ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம். அதை அடுத்த ஒரு சிறு விமானத் தளத்தின் கொட்டகையில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், இருவர் அமரத்தக்க அலுமினிய விமானமொன்றைப் பல வருஷ உழைப்பில் உருவாக்கி, அதில் திசையறி கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்த பருவத்தில் நான் அவரைச் சென்று கண்டேன்.

வேலையின் பெரும்பகுதியைக் கல்வியின்பொருட்டோ பொழுதுபோக்கின்பொருட்டோ தனிமனிதர்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தின் மூல நிபந்தனை. அதை நிறைவேற்றியவர், பகலில் தரை தெரியும் வானிலையில் பறக்கும்வரை, முத்திரை பெறாத கருவிகளையும் பெரும்பாலும் தம் இஷ்டம்போல் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மேகத்துக்குள் புகுந்து கருவிகளையே நம்பிப் பறப்பதென்றால், வழிகாட்டும் ஜிபிஎஸ் அலைவாங்கி அரசு வகுத்த திறனை எட்டியாக வேண்டும்; ரேடாருக்கு விடை சொல்லும் டிரான்ஸ்பாண்டருக்கும், நெரிசலான வான்வெளிகளில் 2020 முதல் கட்டாயமாகிவிட்ட இடமறிவிப்புக் கருவிக்கும் அப்படியே. டிரான்ஸ்பாண்டரையும் உயரமானியையும் 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தன் உயிரைப் பற்றிய துணிவை ஒருவன் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, பிறரும் பறக்கும் ஆகாயத்தில் தன் இருப்பிடத்தைத் தவறாகச் சொல்லும் உரிமையை மட்டும் அவனுக்கு மறுக்கும் இந்த ஏற்பாடு மிகவும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் விரிவாகப் பேசாத இடத்தில்தான் கைத்தொழில் ஆரம்பமாகிறது. ஆசிரியருக்குத் துணையாக வந்திருந்த வானொலி நுட்பப் பெண்மணி, விமானத்தின் வயிற்றடியில் மல்லாந்து படுத்து, ஆன்டெனா அமரும் இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும்படி பெயின்டைச் சுரண்டினார். தகடு அதிர்ந்து கீறல் விடாதிருக்க உட்புறம் வேறொரு தகட்டை ரிவெட் அடித்திருந்தார்கள். வழிகாட்டும் வானொலி நிலையங்களான விஓஆர் நிலையங்களின் அலை கிடைமட்டமாக அதிர்வதால் அதை வாங்கும் கம்பிகள் படுக்கையாகவும், பேச்சு வானொலியின் கம்பி செங்குத்தாகவும் நிற்க வேண்டும் என்று அவர் விளக்கினார். கோஆக்ஸியல் கேபிளின் மேலுறையைச் சீவுகையில், உள்ளே பின்னியிருக்கும் மெல்லிய இழைகளில் ஒன்றுகூட அறுபடலாகாது. ஓரிணைப்பில் இரண்டு இழைகள் அறுந்திருக்கக் கண்டதும், ஆசிரியர் மறுபேச்சின்றி அதை வெட்டியெறிந்து புதிதாகப் போட்டார்.

திசைகாட்டியின் அருகே இரும்புத் திருகாணிகளுக்குப் பதில் பித்தளை. இன்ஜினை ஓட்டி, எல்லாக் கருவிகளையும் இயக்கி, 30 பாகைக்கு ஒருமுறை விமானத்தைத் திருப்பி நிறுத்தி, பிழையைக் குறித்த அட்டையை இனிமேல்தான் எழுத வேண்டும். அதன்பின் பயணிகளின்றிப் பறக்கும் சோதனைக் காலம், வழக்கமாக 25 மணியோ 40 மணியோ.

சட்டம் கேட்காத ஒன்றும் சேர்ந்திருந்தது: மின்சாரம் நின்றாலும் திரைகளை எரியவைக்கும் தனி பாட்டரி. அதை இருக்கைக்குப் பின்னால் வைத்தால் எடை பின்தங்கிச் சமநிலை மாறும் என்று இருவரும் நெடுநேரம் ஆலோசித்து, இன்ஜின் சுவரை ஒட்டியே பொருத்துவதென்று முடிவு செய்தார்கள்.