ஏழு கிலோ பையும் இமயம் தாண்டிய வாத்தும்

ரயிலில் மூட்டை முடிச்சுகளோடு ஏறும் நம் ஜனங்களைப் பார்த்துப் பரிகாசம் செய்தவர்களில் நானும் ஒருவன். காமிராப் பையோடு ஆகாய விமானத்தில் ஏறத் தொடங்கிய பிறகு அந்தப் பரிகாசத்தை அடியோடு விட்டுவிட்டேன். ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் கண் மூடாமல் வந்த பாட்டிமாரின் மனசு எனக்கு இப்போதுதான் புரிகிறது!

2023-ஆம் வருஷம், ஜனவரி மாதம். "கூந்தன்குளத்துக்குப் போய், இமயமலையைத் தாண்டி வரும் வாத்துகளைப் படம் பிடித்து வாருங்கள்" என்றார் எங்கள் ஆசிரியர். கூந்தன்குளம், திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் தெற்கே உள்ள கிராமம். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை விமானம், அப்புறம் கார். சுலபமான காரியம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குளத்தின் நடுவில் மிதக்கும் வாத்தைக் கரையிலிருந்து படம் பிடிக்க நீண்ட லென்ஸ் வேண்டும். என்னிடம் இல்லை. முப்பது வருஷம் போட்டோ எடுத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் 200 - 500 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. போய்க் கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய் எடுத்து வந்தார்.

"பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற மாதிரி அனுப்புகிறேன். கையிலிருந்து இறக்காதே!" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு பிரயாணத்தில் என் லென்ஸைச் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி, பெட்டியில் வைத்து, விமானத்தின் வயிற்றுக்கு அனுப்பிவிட்டேன். போன இடத்தில் பெட்டியைத் திறந்தேன். சட்டைகள் கசங்காமல் இருந்தன. லென்ஸை எடுத்து ஆட்டினால் குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டது! உடையக்கூடிய பண்டங்களைப் பெட்டியில் போட்டால் பொறுப்பேற்க மாட்டோம் என்று டிக்கெட் நிபந்தனைகளில் அச்சிட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன். அந்தக் கதை பெரியவருக்கும் தெரியும்.

ஆகவே எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். ஆனால் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பிரயாணிக்குக் கைப்பை பொதுவாக 7 கிலோதான். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். காமிரா இரண்டு, 2 கிலோ. பெரியவரின் லென்ஸ் 2 கிலோ 300 கிராம். என் லென்ஸ்களில் பெரியது ஒன்றரைக் கிலோ, சின்னது 700 கிராம். பாட்டரி, சார்ஜர், துடைக்கும் துணி வகையறா 800 கிராம். பையோடு சேர்த்து முள் 9 கிலோ 800-இல் போய் நின்றது.

"எதை விட்டுவிட்டுப் போவது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெறும் பையை நிறுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

பார்த்தால், அந்தப் பையே இரண்டரைக் கிலோ! சக்கரமும் கெட்டி அட்டையுமாக அதிக விலை கொடுத்து வாங்கிய பை அது. மெத்தை வைத்த உள் அறையை மட்டும் உருவி, ஒரு லேசான முதுகுப்பைக்குள் செருகினேன். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோதான். ஒன்றரைக் கிலோ மிச்சம்! ஒரு காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இன்னொரு கிலோ குறைந்தது. சார்ஜரும் துணியும் 400 கிராம். அவை உடையாத சரக்கு, டிரைபாட் கிடந்த பெட்டிக்குள் போயின. இப்போது பை 6 கிலோ 900. காமிராப் பை வாங்கப் போகும் அன்பர்கள் அதன் அழகைப் பார்க்கு முன் எடையைப் பாருங்கள்.

பாட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கூடாது. காமிராவுக்கு உள்ளே இல்லாமல் தனியாக வைத்திருக்கும் லிதியம் பாட்டரிகளைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் போடக் கூடாது. லிதியம் பாட்டரி சூடேறித் தீப்பிடிப்பது உண்டு. பிரயாணிகள் நடுவே பிடித்தால் உடனே பார்த்து அணைக்கலாம். சாமான் அறையில் பிடித்தால் யார் பார்ப்பது? 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. பாட்டரியின் மேல் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். சாதாரண காமிரா பாட்டரி 15 வாட்-மணி சுமாருக்குத்தான் வரும். முனைகள் ஒன்றோடொன்று உராயாதபடி ஒரு சின்ன டப்பாவில் அடுக்கி, அதைப் பையின் மேல்பக்கத்தில் வைத்தேன். ஏன் மேல்பக்கத்தில் என்பதைச் சொல்கிறேன்.

மறுநாள் விமான நிலையத்தில் தராசு தாண்டியாயிற்று. பாதுகாப்புச் சோதனையில் காமிரா, லென்ஸ், பாட்டரி எல்லாவற்றையும் தட்டுகளில் பரப்பிக் காட்டி, திரும்ப அடுக்கியாயிற்று. இனிக் கவலையில்லை என்று விமானத்தின் படிக்கட்டு வரை நடந்து போனேன். அது ஏ.டி.ஆர். 72 என்ற ரகம். இரண்டு பக்கமும் விசிறி சுழலும்; எழுபது பேர் சுமாருக்கு உட்காரலாம். தலைக்கு மேலே சாமான் வைக்கும் இடமோ, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி!

படிக்கட்டின் அருகில் நின்ற பெண் என் பையைப் பார்த்தாள்.

"ஸார், இது மேலே போகாது. கீழே வைத்துவிடுகிறோம். இறங்கியதும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றாள்.

வாக்குவாதம் செய்து பயனில்லை. இடம் இருந்தால்தானே கொடுப்பாள்? பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். பையைத் திறந்தேன். பாட்டரி டப்பா சட்டைப் பைக்குள் போயிற்று. துண்டில் சுற்றி வைத்திருந்த பெரியவரின் லென்ஸ் கைக்கு வந்தது. இரண்டாவது காமிராவும் கழுத்தில் ஏறியது. என் சொந்த லென்ஸ்கள் இரண்டும் மெத்தைக்கு நடுவே, கடவுள் விட்ட வழி என்று கீழே போயின. ஒரு நிமிஷத்துக்குள் காரியம் முடிந்தது.

வாசகர்களே, நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். கைப்பையைக் கட்டும்போது, அது கடைசி வரை கையிலேயே இருக்கும் என்று நம்பிக் கட்டாதீர்கள். படிக்கட்டில் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று எண்ணிக் கட்டுங்கள். எதை இழக்க முடியாதோ அது மேலே இருக்கட்டும்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். விமானம் கிளம்புகையில் மடியில் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்றாள் பணிப்பெண். லென்ஸை முன் ஸீட்டுக்கு அடியில் வைத்து, இரண்டு பாதங்களாலும் அணை கட்டினேன். 'கையிலிருந்து இறக்காதே' என்றாரே தவிர, காலைப் பற்றிப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லையே!

மறுநாள் விடியற்காலையில் கூந்தன்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். வீட்டுக் கொல்லை மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஜனங்கள். காரின் கதவை நான் கொஞ்சம் பலமாகச் சாத்தியதற்கே, "மெதுவா தம்பி! பிள்ளை பெத்த வீடுல்லா இது!" என்று அதட்டினார் ஒரு பாட்டி.

குளத்தின் நடுவில் வாத்துகள் இருந்தன. வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டை. திபெத்து, மங்கோலியா பக்கத்துப் பீடபூமிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. இமயத்தைக் கடக்கையில் 7,290 மீட்டர் உயரம் வரை இவை பறந்ததை ஆராய்ச்சிக்காரர்கள் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். அதாவது சுமார் 24,000 அடி. நான் வந்த ரக விமானம் ஏறக்கூடிய உச்சி உயரமே 25,000 அடிதான்! ஒரு வாத்தின் எடை இரண்டு, மூன்று கிலோ. ஏறக்குறைய பெரியவரின் லென்ஸ் எடை. பையும் கிடையாது, பாட்டரியும் கிடையாது!

சூரியன் கிளம்பியதும் முப்பது வாத்துகள் ஒருசேர எழும்பின. லென்ஸ் தன் காரியத்தைச் செய்தது.

சென்னை திரும்பியதும் நேரே பெரியவர் வீட்டுக்குப் போனேன். படங்களை அவர் கேட்கவில்லை. லென்ஸை வாங்கிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். சத்தம் இல்லை. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பெண் சௌக்கியமாகத்தான் வந்திருக்கிறாள். சரி, படத்தைக் காட்டு!" என்றார்.